மச்சான் பிடிக்காத கயிறு

தென்கடல் நீர்ச்சாகசப் பாதுகாப்பு வாரியத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை நின்றது. மேலே பச்சை எழுத்தில் 'விபத்தில்லா நாள்கள்' என்றும், கீழே கறுப்புக் கட்டத்துக்குள் சுண்ணக்கட்டியால் 411 என்றும் எழுதியிருந்தது. கால்வாயில் தண்ணீர் விட்டு அன்றைக்கு நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய நானூற்றேழு நாளும் வாரியத்தில் மேசையும் நாற்காலியும் ஏசியும் மட்டுமே இருந்தன. நாற்காலியிலிருந்து விழுந்து ஒருவரும் சாகவில்லை என்பதால் அந்த எண்ணில் குற்றம் சொல்ல இடமில்லை.

பாறைகளுக்கு இடையே நுரைத்துப் பாய்கிற ஆற்றில் ரப்பர் படகு விடும் விளையாட்டுக்காக ஏற்பட்ட வாரியம் அது. அதற்கு மலை வேண்டும், மலையிலிருந்து இறங்குகிற ஆறு வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் மலை என்றால் உப்பளத்தில் குவித்து வைத்திருக்கிற உப்புதான். ஆனாலும் எங்கோ பனிமலை நாட்டில் எழுதிய முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க விதிப்புத்தகம் தமிழாகி வந்து சேர்ந்துவிட்டது. விதி வந்தபிறகு ஆறு இல்லை என்று திருப்பி அனுப்ப முடியுமா? ஊருக்கு வெளியே தூர்ந்து கிடந்த உப்பளக் கால்வாய் ஒன்றில் இருநூறு மீட்டருக்கு சிமென்ட் பூசி, லாரியில் பாறை கொண்டுவந்து இறக்கி, கடல் தண்ணீரை ஆறு மோட்டார் வைத்து அடித்து, ஆறு என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆழம் மார்பளவு.

பெர்சி அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். திரேஸ்புரத்துக்காரன், வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருஷமாக அவன் செய்த வேலை ஒன்றே ஒன்று. அக்காள் எமில்டாவின் புருஷன் அம்புரோஸ் சங்கு எடுக்கக் கடலுக்குள் முங்குவார். இவன் வள்ளத்தில் நின்று அவருடைய இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பான். அவர்கள் வீட்டு வழியில் முங்குகிற குளியாளிக்குக் கயிறு பிடிப்பது மச்சான்தான். கூடப் பிறந்தவன் பிடிப்பதில்லை. முங்கினவன் வராவிட்டால் கூடப் பிறந்தவனுக்கு வீட்டில் பங்கு கூடும். மச்சானுக்கோ அக்காளோ தங்கச்சியோ தாலியறுத்து வாசலில் வந்து நிற்பாள். ஆகவே அவன் கயிற்றை விட மாட்டான். விதிப்புத்தகம் இல்லாத காலத்தில் யோசித்த ஆள்கள் இவ்வளவுதான் யோசித்திருந்தார்கள்.

கயிற்றுக்கு மொழி உண்டு. ஒரு இழுப்பு என்றால் கயிற்றை விடு. இரண்டு என்றால் பை நிறைந்துவிட்டது. மூன்று என்றால் தூக்கு. பெர்சியிடம் கடிகாரம் கிடையாது. அம்புரோஸ் முங்கினதும் 'அருள் நிறைந்த மரியே' சொல்லத் தொடங்குவான். பன்னிரண்டு மரியே வரைக்கும் மச்சானுக்கு மூச்சு தாங்கும். பதின்மூன்றாவது தொடங்கினால் இழுப்பு வந்தாலும் வராவிட்டாலும் தூக்கிவிடுவான்.

இரண்டு வருஷத்துக்கு முன் அம்புரோஸுக்குக் காது கிழிந்து ரத்தம் வந்தது. இனி முங்கினால் செவிடுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளியாளி கரையேறினால் கயிறு பிடிப்பவனும் கரையேற வேண்டியதுதான். அம்புரோஸ் கிழிந்த வலை பொத்தினார், பெர்சி ஏலக்கூடத்தில் மீன்பெட்டி தூக்கினான். அப்போதுதான் வாரியம் விளம்பரம் கொடுத்தது: 'பாதுகாப்புக் கயிறு பொறுப்பாளர், பணியிடம் ஒன்று.' மாதா தன்னை நினைத்தே எழுதி அனுப்பியதுபோல் இருந்தது பெர்சிக்கு. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

நேர்காணல் செய்தவர் இயக்குநர் சிவப்பிரகாஷ். ஏசி அறைக்குள்ளும் கழுத்தில் விசில் தொங்கவிட்டிருந்தார்.

"கயிறு பிடிச்ச அனுபவம் எத்தனை வருஷம்?"

"இருவத்தி ரெண்டு வருஷம் சார்."

"அதுல எத்தனை பேர் செத்திருக்காங்க?"

"ஒருத்தரும் சாவல சார்."

இயக்குநரின் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ விபத்து அனுபவம் இல்லை" என்று சொல்லி ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி போட்டார். பிறகு இரக்கப்பட்டு, "உள்ளூர் ஆளுக்கு முன்னுரிமை இருக்கு. தொடக்க விழாவுக்கு ஒரு மாதிரிக் குடும்பம் தேவைப்படுது. இதுவரைக்கும் ரப்பர் படகுல ஏறாத குடும்பம். நீங்க ஒண்ணைக் கொண்டுவாங்க, விழா முடிஞ்ச கையோட உங்க ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்" என்றார்.

வீட்டில் போய்ச் சொன்னதும் அம்புரோஸ் சிரித்த சிரிப்பில் பொத்திக்கொண்டிருந்த வலை மடியிலிருந்து நழுவியது.

"ஏலே, நெஞ்சளவு தண்ணியில ரப்பர் வண்டியில உக்காரணும், அம்புட்டுத்தான? உனக்கு வேல கெடைக்கும்னா நான் அதுக்குள்ள ஒரு தூக்கமே போட்டுட்டு வாரேன்."

அக்காள் மகள் அனுஜா கல்லூரியில் படிக்கிறவள். போட்டோ நன்றாக வரும் என்று அப்போதே துள்ளத் தொடங்கிவிட்டாள். எமில்டா மட்டும் அடுப்பை விட்டு எழுந்து வந்து கேட்டாள்.

"கயிறு யாருலே பிடிப்பா?"

"நாந்தாங்க்கா பிடிப்பேன். அதுக்குத்தான வேலையே."

"அப்பஞ் சரி."

விழா அன்று பலகையில் 420 என்றிருந்தது. வாசல் காவலர் முதலில் அம்புரோஸின் அரைஞாணில் தொங்கிய சங்குக் கத்தியைக் கழற்றி வாங்கிக்கொண்டார். படகு ரப்பர், கத்தி இரும்பு, ஆகவே ஆபத்து. பதிலுக்கு 17 என்று எண் போட்ட பித்தளை டோக்கன் ஒன்றைக் கொடுத்தார். முப்பது வருஷமாக அந்தக் கத்தி இல்லாமல் அம்புரோஸ் தண்ணீரில் கால் வைத்ததில்லை. இடுப்பைத் தடவிக்கொண்டே உள்ளே போனார்.

படிவம் நிரப்ப உட்கார்ந்திருந்தவர் லிங்கராஜ். கயிறு பொறுப்பைத் தற்காலிகமாகக் கூடுதலாகக் கவனிப்பவரும் அவர்தான். வேறொரு துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர். கோப்பு கட்டுகிற நாடாவைத் தவிர வாழ்க்கையில் வேறு கயிறு பிடித்தறியாதவர்.

"நீச்சல் தெரியுமா?"

"முப்பது வருசமா சங்கு குளிக்கேன் சார்."

"சான்றிதழ் இருக்கா?"

"கடலுக்குள்ள போறதுக்கு யாரு சார் சான்றிதழ் கேப்பா?"

லிங்கராஜ் 'நீச்சல் தெரியாதவர்' என்று எழுதினார். "தண்ணீர் பயம் உண்டா?"

"இருக்கு சார். அது இருக்கப்போயித்தான் இன்னும் உசுரோட உக்காந்திருக்கேன்."

'பயம் உண்டு' என்று எழுதி அதற்குக் கீழே சிவப்பு மையில் கோடிட்டார் லிங்கராஜ். விதி 23-இன்படி பயம் உள்ளவருக்குக் கூடுதலாக ஒரு பட்டை கட்ட வேண்டும். எமில்டாவும் அனுஜாவும் பயம் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பட்டை. படிவத்தின் கீழே அம்புரோஸ் மெனக்கெட்டு அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது பயிற்சி வகுப்பு. சித்திரை மாதம், காலை பத்து மணிக்கே தகரக் கொட்டகை கொதித்தது. விதிப்புத்தகம் எழுதிய நாட்டில் ஆற்றுத் தண்ணீர் பனி உருகி வருவது. ஆகவே பயணிகள் உடம்புச் சூடு குறையாமலிருக்கக் கம்பளி போர்த்தி இருபது நிமிஷம் உட்கார வேண்டும். மூன்று பேரையும் கழுத்துவரை கம்பளியில் சுற்றி உட்கார வைத்தார்கள். அனுஜாவுக்கு மயக்கம் வந்தது. அவளுக்கு இன்னொரு கம்பளி கொடுத்தார்கள். கரையில் கரடி தென்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அரைமணி நேரம் படம் போட்டு விளக்கினார்கள். படகு கவிழ்ந்தால் என்ன செய்வது என்பது மட்டும் வகுப்பில் வரவில்லை. அம்புரோஸ் கம்பளிக்குள்ளிருந்து கையைத் தூக்கிக் கேட்டார்.

"சார், இது கவுந்தா?"

"கவிழாது" என்றார் இயக்குநர். "விதி பன்னிரண்டு, படகு கவிழக் கூடாது."

"கூடாதுங்கது அந்தப் படகுக்குத் தெரியுமா சார்?"

அனுஜா மயக்கத்திலும் சிரித்துவிட்டாள். இயக்குநர் சிரிக்கவில்லை. சுவரில் பெரிதாக எழுதி மாட்டியிருந்த விதி ஒன்பதைக் குச்சியால் தொட்டுக் காட்டினார். 'பயணம் நடக்கும்போது பயணி படகைவிட்டுப் பிரிதலே விபத்து எனப்படும்.'

"மத்த ஊர்ல எல்லாம் ஆளை அப்படியே படகுல உட்கார வைக்கிறாங்க. விழுந்துட்டா நீந்தி வான்னு சொல்றாங்க. பொறுப்பில்லாத வேலை. நாம பட்டை போட்டுப் படகோட கட்டிடறோம். கட்டினவன் எப்படி விழுவான்? விழாட்டா எப்படி விபத்து? இதை முதல்ல யோசிச்சது நம்ம வாரியம்தான்."

ஆளைக் கயிற்றில் கட்டுவது பெர்சிக்குப் புதிதில்லை. மறுமுனையில் ஆள் இல்லாமல் படகோடு சேர்த்துக் கட்டுவதை இப்போதுதான் பார்க்கிறான். போகட்டும், குடும்பத் தலைவர் என்று மச்சான் இடுப்பில் தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்டினார்களே, அதைத் தான் பிடிக்கத்தானே போகிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கையை நீட்டினான். லிங்கராஜ் கயிற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"படிவத்துல நீங்க பயணிக்கு என்ன உறவுன்னு போட்டிருக்கீங்க?"

"மச்சான் சார்."

"அப்போ பிடிக்க முடியாது. விதி நாற்பத்தொண்ணு. பயணியோட உறவினர் பாதுகாப்புக் கருவியைத் தொடக் கூடாது."

பெர்சி இயக்குநரிடம் ஓடினான். அவர் தோளில் கைபோட்டுத் தனியாக அழைத்துப் போய் அன்பாகவே சொன்னார். "பெர்சி, உறவுன்னா பதறுவீங்க. கயிறு பிடிக்கிறவன் பதறக் கூடாது. யார் உள்ளே இருந்தாலும் ஒண்ணுதான்னு நினைக்கிறவர்தான் எங்களுக்கு வேணும். லிங்கராஜைப் பாருங்க, எதுக்குமே பதற மாட்டார்."

"பதறாட்டா எப்படி சார் தூக்கது?"

"அதெல்லாம் எழுத்துல உத்தரவு வரும். நீங்க இன்னைக்கு ஒரு நாள் ஓரமா நில்லுங்க. நாளைக்கு ஆர்டர் வாங்கிக்கங்க."

படகுக்குள் உட்கார்ந்திருந்த எமில்டா தலையைத் திருப்பி, "ஏலே, கயிறு உங்கிட்டத்தான இருக்கு?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னால் அக்காள் அந்தக் கணமே இறங்கிவிடுவாள் என்பது பெர்சிக்குத் தெரியும். மீன்பெட்டித் தண்ணீர் முதுகில் ஒழுகின இரண்டு வருஷமும் அவனுக்கு ஞாபகம் வந்தது. "நான் இங்கனதான் நிக்கேன்க்கா" என்றான். அது பொய்யில்லை. பொய்யில்லாத அந்த வார்த்தைக்காக அவன் பிறகு தன்னை மன்னிக்கவே இல்லை.

உறவினர் பகுதி என்று கம்பிவேலி போட்ட கட்டத்துக்குள் அவனை நிறுத்தினார்கள். இருபதடி தள்ளி, குடைக்குக் கீழே நாற்காலி போட்டு லிங்கராஜ் உட்கார்ந்தார். இடது கையில் கயிறு, மடியில் இழுப்புப் பதிவேடு, வலது கையில் பேனா. சிறப்பு விருந்தினர் மேடைக்கு வந்து உட்கார்ந்ததும், அவர் பார்க்கட்டும் என்று நாலு மோட்டார் ஓட வேண்டிய இடத்தில் ஆறையும் போட்டுவிட்டார்கள். தண்ணீர் வெறிபிடித்து ஓடியது. இயக்குநர் விசில் ஊதிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

படகு நூறு மீட்டர் நன்றாகத்தான் வந்தது. அம்புரோஸ் மேடையைப் பார்த்துக் கையசைத்தார், அனுஜா கூவினாள். மேடைக்கு நேர் எதிரே கால்வாய் நடுவில் ஒரு பாறை இருந்தது. போட்டோவுக்காக வைத்த பாறை. படகின் மூக்கு அதில் ஏறி, பக்கவாட்டில் சரிந்து, அப்படியே குப்புறக் கவிழ்ந்து பாறையிலேயே சிக்கி நின்றது. படகின் நீல அடிவயிறு வெயிலில் பளபளத்தது. ஒரு தலையைக்கூடக் காணவில்லை.

"பார்த்தீர்களா!" என்றார் இயக்குநர் மைக்கில். "படகு எந்த நிலைக்குப் போனாலும் ஒருவர்கூட வெளியே விழவில்லை!"

மேடையில் கைதட்டினார்கள்.

பெர்சியின் வாய் தானாக மரியே சொல்லத் தொடங்கிவிட்டது. இரண்டாவது மரியேயில் லிங்கராஜின் கையில் கயிறு வெட்டி வெட்டி மூன்று முறை இழுபட்டது. இருபதடி தள்ளி நின்றாலும் அது பெர்சியின் உள்ளங்கையில்தான் இழுத்தது.

"மூணு சார்! மூணு! தூக்குங்க!"

லிங்கராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்து, '11.42. இழுப்பு 3' என்று எழுதினார். "உறவினர் சத்தம் போடக் கூடாது" என்று திரும்பாமலே சொன்னார். "தூக்கறதுக்கு இயக்குநர் கையெழுத்து வேணும். அவர் பேசிக்கிட்டிருக்கார்."

பெர்சி வேலியில் காலை வைத்தான். இரண்டு காவலர்கள் வந்து கைக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டார்கள். உறவினர் பகுதியிலிருந்து வெளியே வர அனுமதிச் சீட்டு வேண்டும், அதைப் படிவம் கொடுத்த இடத்தில்தான் வாங்க வேண்டும், படிவம் கொடுக்கிறவர் கயிறு பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார்கள். நான்காவது மரியேயில் அனுஜாவின் தலை மேலே வந்தது. ஆறாவதில் எமில்டா இருமிக்கொண்டே எழுந்தாள். நின்றால் மார்பளவுதான் தண்ணீர். உள்ளே இருந்து யார் அவர்களை அவிழ்த்து அனுப்புகிறார் என்று பெர்சிக்குத் தெரியும். முப்பது வருஷம் கண்ணை மூடிக்கொண்டு மணலில் சங்கு தடவிய விரல்கள் அவை. மேடையில் மறுபடி கைதட்டினார்கள்.

எட்டாவதில் இன்னொரு மூன்று இழுப்பு. லிங்கராஜ் எழுதினார். எமில்டா படகைத் தள்ளிப் பார்த்தாள், தண்ணீர் அவளைப் பிடித்துத் தள்ளியது. பன்னிரண்டாவது மரியே முடிந்தது. தூக்கியே ஆகவேண்டிய பதின்மூன்றாவதையும் பெர்சி சொன்னான். பதினைந்தில் கயிறு மெதுவாக ஒரே ஒரு தடவை இழுபட்டது.

ஒன்று என்றால் கயிற்றை விடு.

லிங்கராஜ் '1' என்று எழுதினார். பெர்சி காவலர் ஒருவரின் கையைக் கடித்துத் துப்பிவிட்டு வேலி தாண்டிக் கால்வாயில் குதித்தான். படகுக்கு அடியில் கையை விட்டுத் தடவினான். அம்புரோஸின் முதல் பட்டை அவிழ்ந்திருந்தது. பயம் உள்ளவருக்கான இரண்டாவது பட்டையின் பூட்டு முதுகுக்குப் பின்னால், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் இருந்தது. எந்த மனுஷனுக்கும் தன் கை அங்கே எட்டாது. பெர்சி அதை அவிழ்த்தபோது பத்தொன்பது மரியே ஆகிவிட்டிருந்தது.

விசாரணைக் குழு அமைத்தார்கள். இயக்குநரும் அவருடைய உதவியாளரும் லிங்கராஜும் உறுப்பினர்கள். குழு இரண்டே நாளில் அறிக்கை தந்தது. படகு பாறையில் மோதி நின்றதுமே பயணம் முடிந்துவிட்டது. ஆகவே எமில்டாவும் அனுஜாவும் பயணம் முடிந்து இறங்கியவர்கள். அம்புரோஸ் கடைசிவரை படகைவிட்டுப் பிரியவே இல்லை. விதி ஒன்பதின்படி விபத்து எதுவும் நடக்கவில்லை. மரணத்துக்குக் காரணம் அவருக்கு ஏற்கெனவே இருந்த தண்ணீர் பயம், அதை அவரே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டிருக்கிறார். பாதுகாப்புக் கயிறு மூன்று முறையும் சரியாக வேலை செய்திருக்கிறது, பதிவேடு அதற்குச் சாட்சி. வாசல் பலகையில் மறுநாள் காலையில் 421 என்று எழுதியிருந்தது.

இயக்குநர் மாலையோடு வீட்டுக்கு வந்தார். 'முதல்முறைப் பயணி, பயிற்சி நிறைவு' என்று கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றை எமில்டாவின் கையில் கொடுத்தார். "உங்க வீட்டுக்காரர் எங்க விதிக்கு ஒரு முன்னுதாரணம் அம்மா. எவ்வளவோ பேருக்கு அந்த நேரத்துல படகை விட்டுட்டு வந்துடத் தோணும்."

எமில்டா சான்றிதழைப் பார்க்கவில்லை. "கயிறு யாரு சார் பிடிச்சிருந்தா?" என்று கேட்டாள்.

"தகுதியான அலுவலர் அம்மா."

அவள் பெர்சியின் பக்கம் திரும்பவும் இல்லை. அவள் நாலு அறை அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாரியத்தின் கடிதம் வாசலில் கிடந்தது. அனுஜா பிரித்துப் படித்தாள். "மேற்படி பயணிக்கும் தங்களுக்கும் இருந்த உறவுமுறை தற்போது நடைமுறையில் இல்லாத காரணத்தால், விதி 41-இன் தடை நீங்கியதாகக் கருதப்பட்டு, தாங்கள் பாதுகாப்புக் கயிறு பொறுப்பாளராக நியமிக்கப்படுகிறீர்கள்." அதற்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை. பெர்சி அதை வாங்கிக் கிழிக்கப் போனான்.

"கிழிக்காத" என்றாள் எமில்டா. ஒரு மாதம் கழித்து அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. "போய்ப் பிடி. அங்கன வாரவளும் ஒருத்தனுக்குப் பொண்டாட்டிதான்."

பெர்சி வேலைக்குப் போனான். பலகையில் 452. வாசலில் 17-ஆம் எண் டோக்கனை நீட்டி மச்சானின் கத்தியைக் கேட்டான். டோக்கன் வாங்கியவர் நேரில் வந்தால்தான் தர முடியும் என்று காவலர் சொன்னார். உள்ளே லிங்கராஜ் துணை இயக்குநராகி, மேசைமேல் தன் பெயர்ப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதிவேட்டையும் பேனாவையும் எடுத்து பெர்சியிடம் நீட்டினார்.

"கயிறு எங்க சார்?"

"அது விசாரணைப் பொருள். சீல் வெச்சு பீரோவுல இருக்கு. புதுக் கயிறு டெண்டர்ல இருக்கு. அதுவரைக்கும் நோட்டைப் பிடிங்க."

"கயிறு இல்லாம நோட்டுல என்னத்த சார் எழுத?"

"இழுப்பு 'இல்லை'ன்னு எழுதுங்க."

பெர்சி நோட்டைத் திறந்தான். முதல் பக்கத்தில் மூன்று வரிகள் இருந்தன: 3, 3, 1. குறிப்பு என்ற கட்டத்தில் மூன்றுக்கும் சேர்த்து 'கவனிக்கப்பட்டது' என்று லிங்கராஜ் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

அன்றைய பயணி ஆறுமுகநயினார், உடன்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரி. மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கூட வந்திருந்தார்கள். பனங்காட்டு மனிதர், குளத்தில்கூட இறங்கியறியாதவர். தண்ணீர் பயம் உண்டா என்ற கேள்விக்கு ஆமாம் ஆமாம் என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார். முதுகுக்குப் பின்னால் பூட்டு மாட்டும்போது, "தம்பி, நல்லா இறுக்கிக் கட்டுங்க. புள்ளையளுக்கும் இன்னொண்ணு போடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். படகு துறையில் கட்டியபடியே நின்றது. இயக்குநர் விசில் ஊதினார்.

பெர்சி பதிவேட்டைக் கால்வாயில் வீசிவிட்டுப் படகுக்குள் குதித்தான். ஆறுமுகநயினாரின் முதுகுப் பூட்டையும் மற்றப் பட்டையையும் தட்டிவிட்டான். அந்த அம்மாளின் பட்டையை அவிழ்த்து, இருவரையும் கரையில் தள்ளி ஏற்றினான். பிள்ளைகள் இரண்டையும் அவிழ்த்துத் தூக்கிக் கரையில் விட்டான். அவர்கள் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை.

"ஏ, யாருய்யா இவன்!" என்று ஆறுமுகநயினார் கரையில் நின்று கத்தினார். "கட்டுன பெல்ட்ட அவுக்கானே! எம்புள்ளையளக் கொல்லப் பாக்கானா? பாதுகாப்பு இருக்குன்னு நம்பித்தான இங்க வந்தோம்!" அவர் மனைவி பிள்ளைகளை இறுக அணைத்துக்கொண்டு அழுதாள். பெர்சி அவர்கள் நாலு பேரும் மூச்சுவிடுவதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான்.

இயக்குநர் விரல்விட்டு எண்ணினார். விசில் ஊதியபோதே பயணம் தொடங்கிவிட்டது. பயணம் நடக்கும்போது பயணிகள் நாலு பேர் படகைவிட்டுப் பிரிந்திருக்கிறார்கள். வாரியத்தின் சரித்திரத்தில் முதல்முறையாக விதி ஒன்பது மீறப்பட்டிருக்கிறது. "நாலு பேர்! ஒரே நாளில் நாலு பேர்!" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாரோ ஓடிப்போய் அவருக்கு ஒரு கம்பளி கொண்டுவந்தார்கள்.

காவலர்கள் பெர்சியை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். அங்கே லிங்கராஜ் ஈரத்துணியால் பலகையில் இருந்த 452-ஐ அழித்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. சுண்ணக்கட்டியை எடுத்து, கட்டத்தின் நடுவில் வருமாறு கவனமாக ஒரு பூஜ்யம் எழுதினார்.